மூன்று அறிவிப்புகளும் ஒரு கல்யாண பஸ்ஸும்

அடுத்த மாதம் முதல்முறையாக நீங்கள் மாணவர்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஸ்வெட்டர், சாக்ஸ், தைலம் எல்லாம் எடுத்துக்கொள்வீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. செண்பகனூர் விடுதியில் பெட்டியை இறக்கி வைத்ததும், முகம்கூடக் கழுவாமல், பஜாரில் ரஹ்மத்துல்லா பாயின் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எந்த ஊர், என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இஞ்சி டீ வாங்கித் தருவார், குடித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு போரோ புரட்சியோ எதை வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

உங்களில் பலர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய கையோடு நம் துறைக்கு வந்தவர்கள். அதனால் முதலில் ஒரு எச்சரிக்கை. நம் மாணவர்களைக் கல்லூரிப் பிள்ளைகளாக நினைத்துவிடாதீர்கள். தேசியப் பாதுகாப்பு நிர்வாகத்தில் முதுகலை படிக்க வருகிறவர்கள் போலீஸ், சுங்கம், வனம், வருவாய் என்று ஏதோ ஒரு துறையில் பல வருடம் அதிகாரம் செய்துவிட்டு வருகிறவர்கள். தலையில் பாதி நரைத்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் மேஜையின் மறுபக்கத்தில் இவர்களும் உட்கார்ந்து படிக்க வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்டால் தெரியாது என்ற சொல்லே வராது. "பரிசீலனையில இருக்கு மேடம்" என்பார்கள்.

இவர்களுக்குக் கடைசியாக வைக்கும் சோதனைதான் மலைப் பயிற்சி. இல்லாத ஒரு நாடு, இல்லாத ஒரு நெருக்கடி. விடுதியின் சாப்பாட்டுக் கூடம்தான் மந்திரிசபை. ஒருவர் பிரதமர், ஒருவர் உள்துறை, ஒருவர் தகவல் துறை. நாம் பக்கத்து அறையில் உட்கார்ந்து கெட்ட செய்திகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவோம். அவர்கள் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவோம். நான் தாசில்தாராக வெள்ளம், தேர்தல், கோயில் தகராறு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்தப் படிப்பைச் சொல்லித்தர வந்தேன். ஆனாலும் அந்தக் கூடத்தில் நடக்கும் கூத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை. ஒரு வருடம் இட்லி வருவதற்குள் பக்கத்து நாட்டின் மீது போர் தொடுத்துவிட்டார்கள். சட்னி வந்ததும் சமாதானம் பேசினார்கள்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் எங்கள் துறைத் தலைவருக்குக் காய்ச்சல். பயிற்சிக்கு நான்தான் பொறுப்பு. தகவல் அமைச்சராக ஜெபசீலன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. கன்டெய்னர் கதவைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவதாக அவரே சொல்லிக்கொள்வார். அது எவ்வளவு உண்மையோ தெரியாது, எழுத்தில் கெட்டிக்காரர் என்பது உண்மை. அவர் எழுதும் மாதிரி அரசாணையை நிஜ அரசாணைக்குப் பக்கத்தில் வைத்தால் நிஜம்தான் போலியாகத் தெரியும்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாயிற்று. அன்று இரண்டாம் நாள் காலை. கற்பனை நாட்டில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்ற செய்தியை உள்ளே அனுப்பியிருந்தோம். உடனே மக்களுக்கு ஓர் அறிவிப்பு எழுத வேண்டும். பயிற்சியில் எழுதும் எந்தக் காகிதமானாலும் மேலேயும் கீழேயும் "பயிற்சிக்கு மட்டும்" என்று சிவப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. ஜெபசீலன் அதை எடுத்துவிட்டார். கற்பனை நாட்டின் கற்பனைச் சாலைகளையும் எடுத்துவிட்டு நிஜப் பெயர்களைப் போட்டார். ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "அந்தச் சிவப்பு எழுத்தப் பாத்தாலே மந்திரிசபையில சிரிச்சிருதாங்க மேடம். பயம் வரணும்லா" என்றார். பயம் வந்தது. வர வேண்டிய இடத்தில்தான் வரவில்லை.

விடுதியின் பிரின்டரில் மலை ஈரத்துக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஜெபசீலன் பென்டிரைவை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி பஜாருக்குப் போனார். பாய் கடையில் இல்லை, அவருடைய மச்சான் இருந்தார். பிரின்ட் போட்டதில் ஒரு தாள் மட்டும் மை இழுகிவிட்டது. அதைக் கசக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு இவர் விடுதிக்கு வந்து அமைச்சரானார். அங்கே ஆர்.சி. புக்கை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு டாக்சி டிரைவர் கசங்கிய தாளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். "எரிபொருள் பற்றாக்குறை காரணமாகக் கொடைக்கானலின் இரு மலைச்சாலைகளும் நாளை காலை முதல் மறு அறிவிப்பு வரை மூடப்படுகின்றன. சுற்றுலாப் பயணிகள் இன்றே கீழிறங்க வேண்டும்." மேலே ஒரு மலை, இரண்டு வாள், நடுவில் தாமரை என்று பார்த்தாலே கை கூப்பத் தோன்றும் ஒரு முத்திரை. அதுவும் நம் மாணவர் ஒருவர் வரைந்ததுதான். டிரைவர் படம் எடுத்தார். டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் கற்பனை நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு முடிந்த நேரத்தில் ரஹ்மத்துல்லா பாய் விடுதிக்கு வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, கையில் போன், முகத்தில் கோபமே இல்லை. கோபம் இல்லாததைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றேன்.

"இது உங்க ஆளுக அடிச்சதாங்க?" என்று போனைக் காட்டினார். "எடது ஓரத்துல கருப்பா ஒரு கோடு ஓடுது பாருங்க. எங் கட மெசின்ல டிரம்மு போயிருச்சு. இந்த ஊர்ல அந்தக் கோடு எங் கடைக் காயிதத்துலதான் வரும். மச்சானக் கேட்டேன், செண்பகனூர்ல தங்கியிருக்கவுகன்னு சொன்னாரு."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"நாளைக்கு எம் பொண்ணுக்கு நிக்காஹ் மேடம். மாப்பிள வீட்டுக்காரவுக திண்டுக்கல்லுல இருந்து வெள்ளனே கெளம்பி பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தாக. இந்தப் படத்தப் பாத்துட்டு கீழ காட்ரோட்டுல நின்னுட்டாக. நாளைக்கு ரோட்ட மூடிட்டா திரும்பி எறங்க முடியாதுல்ல, அதனால ஏற மாட்டோங்கிறாக."

காட்ரோடு என்பது மலை ஏற ஆரம்பிக்கும் இடம். அங்கிருந்து மேலே வர இரண்டு மணி நேரம். மண்டபம் தயார், சமையல்காரர்கள் வந்தாயிற்று, பெண் கையில் மருதாணி காய்ந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியத்தாவுக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, மலையில் கல்யாணம் வைப்பதே முதலிலிருந்து பிடிக்கவில்லையாம். அவர் சொல்வதுதான் அந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல்லாம். திரும்பிப் போக அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, நாம் அதை முத்திரையோடு அச்சடித்துக் கொடுத்துவிட்டோம்.

நான் உடனே காவல் நிலையத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. பெட்ரோல் பங்கில் பஜார் வரைக்கும் வரிசை நிற்கிறதாம். மேல்மலைப் போளூரிலிருந்து கேரட் ஏற்றி வந்த ஜீப்புகள் சரக்கை இறக்காமல் வரிசையில் கிடக்கின்றனவாம். பொய் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் பார்த்தார்களாம், வரிசை இன்னும் நீண்டுவிட்டதாம்.

இதை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் மந்திரிசபை கூடிவிட்டது. உங்களிடம் மறைப்பானேன், அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு நாளாகப் பொய் நெருக்கடியைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கு நிஜமாக ஒன்று கிடைத்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டாம் அறிவிப்பு எங்கள் வேன் டிரைவரின் போன் வழியாக டிரைவர்கள் குழுவுக்குப் போய்விட்டது. அதே முத்திரை, அதே எழுத்து, அதே நடை. "முந்தைய அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. எரிபொருள் போதுமான அளவு உள்ளது. பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்."

நம் படிப்பைப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. ஊரில் ஒரு சாதாரண மனிதர் உளறிவிட்டால் வெளியே வந்து "தெரியாம சொல்லிட்டேன்" என்பார். நம் ஆட்கள் அடுத்த எண் போட்டு இன்னொரு அறிவிப்பு விடுவார்கள். அதைப் பார்த்ததும் ஊரில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. ரத்து செய்கிறார்கள் என்றால் முதலில் சொன்னது உண்மை. அச்சப்பட வேண்டாம் என்கிறார்கள் என்றால் அச்சப்பட ஏதோ இருக்கிறது. அதுவரை அறையில் தூங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளும் எழுந்து பெட்டியைக் கட்டினார்கள்.

"அப்ப உண்மையச் சொல்லிருவோம்" என்றார் பிரதமர். அவர் வனத்துறை ரேஞ்சர், நல்ல மனிதர். நான் வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் மூன்றாவதும் போயிற்று. "இது தேசியப் பாதுகாப்புப் பயிற்சியின் ஒரு பகுதி மட்டுமே." கால் மணி நேரத்தில், ஏரிக்கரையில் பட்டாளம் வந்து இறங்கியிருப்பதாகப் பேச்சு பரவியது. பட்டாளத்தைப் பார்த்தவர்களே இருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் எல்லோருடைய போனையும் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடலாமா என்று இருந்தது. அப்போது பாயின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மந்திரிசபை முழுக்கச் சுற்றி நின்றது.

"சம்பந்தி, இப்ப மூணாவது காயிதம் வந்திருக்கு" என்றது ஒரு கனத்த குரல். பெரியத்தா. "பட்டாளம் வேற வந்துருச்சாம்ல?"

"பொய்யிங்க சம்பந்தி. எங் கடையிலதான் அந்தக் காயிதத்த அடிச்சாக."

"அப்ப நீங்களே அடிச்சு எங்களத் திரும்பிப் போகச் சொல்றீகளா?"

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஒண்ணுதான் கேக்குறேன்" என்றார் பெரியத்தா. "ரோட்ட மூடும்னு சொன்னவனுக்கும் பேரு இல்ல. மூடாதுன்னு சொன்னவனுக்கும் பேரு இல்ல. நான் யார நம்பிப் பச்சப்புள்ளைகளையும் வயசான பொம்பளையாளுகளையும் ஏத்திட்டு வாரது? யாரு எழுதுனதுன்னு சொல்லுங்க. மஃரிபு தொழுகை வரைக்கும் இங்கன நிக்கிறோம். பொழுது விழுந்துச்சுன்னா பஸ்ஸத் திருப்பிருவேன்."

இரண்டு நாளாக அந்த மேஜையைச் சுற்றிப் பெரிய பெரிய முடிவாக எடுத்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரதமர் என் காதருகே குனிந்தார். "எல்லாரும் சேந்து எடுத்த முடிவுன்னு சொல்லிரலாம் மேடம்." உள்துறை அமைச்சர் நிஜத்திலும் போலீஸ் இன்ஸ்பெக்டர். அவர் ஜெபசீலனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெபா, வாயத் தொறக்காத. வதந்தி பரப்புனதா ஆயிரும். உன் டிபார்ட்மென்டுக்கு ஒரு பேப்பர் போனா வேலையே போயிரும்."

ஜெபசீலன் என்னைப் பார்த்தார். நான் தைரியமாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். "அவர் சொல்றது சரிதான்" என்றேன். "அப்படி ஒரு பேப்பர் வந்தா நான் வந்து சாட்சி சொல்லுவேன். ஆனா காப்பாத்திருவேன்னு வாக்கு குடுக்க என்னால முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"துறைமுகத்துல ஆள் பேரு இல்லாத சரக்க நான் கேட்டத் தாண்ட விடமாட்டேன் மேடம்" என்றார். "நானே ஒண்ண விட்டுட்டேனே." பிறகு போனுக்கு முன்னால் குனிந்தார். "ஐயா, நான்தான் எழுதுனேன். எம் பேரு ஜெபசீலன்."

அந்தப் பக்கம் பெரியத்தா டீக்கடைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"நீங்க யாரு? கலெக்டரா?"

"இல்லய்யா. படிக்க வந்திருக்கேன். மாணவன்."

"வயசு என்ன?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு வயசுல என்ன படிக்கிறீக?"

"தேசியப் பாதுகாப்பு நிர்வாகங்கய்யா."

"நல்லாப் படிச்சீக" என்றார் பெரியத்தா. "நேர்ல வந்து இத எங்க ஆளுக முன்னால சொல்லுங்க. வெரசா வாங்க."

பாய் வீட்டுக்குப் போய் ஜீப்பை எடுத்துவந்தார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான்தான் ஓட்டினார். வழி முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாயின் மடியில் ஒரு தாம்பாளம் இருந்தது. சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கற்கண்டு, ஒரு ரோஜா மாலை. மாப்பிள்ளை வீட்டாரை மண்டப வாசலில் நின்று வரவேற்பதற்காக வைத்திருந்தது. "வாசல்ல நின்னு கூப்புடுறதுதான் வழக்கம்" என்றார் பாய். "இன்னைக்கு வாசலு காட்ரோடு வரைக்கும் போயிருச்சு, அவ்வளவுதான்." அந்த மனிதர் எங்களை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெருமாள்மலையைத் தாண்டியதும் சாலை முழுக்கக் கார்கள். ஊரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனோம். ஜெபசீலன் பின்சீட்டில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்தார். ஜெபம் செய்கிறாரோ என்று பார்த்தேன். பெரியத்தாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். டம்டம் பாறை அருகே மேற்கே வெயில் மஞ்சளாகிவிட்டது. பாய் வெயிலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் காட்ரோட்டில் இறங்கியபோது பெரியத்தா பள்ளிவாசலுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் முகம் திண்டுக்கல் பக்கம் திரும்பியிருந்தது. திருப்பித் தயாராகவே நிறுத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளைப் பையன் கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். யாரோடு பேசுகிறான் என்று கேட்கத் தேவையில்லை, முகமே சொன்னது.

ஜெபசீலன் நேராகப் போய் பெரியத்தா முன்னால் நின்றார். ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது.

"நான்தான்யா எழுதுனேன். படிப்புக்காக எழுதுனது. நெசம் மாதிரி இருக்கணும்னு நெனச்சேன். மத்த ரெண்டும் அத மறைக்கப் போயி எழுதுனது. ரோட்ட யாரும் மூடல. தப்பு எம்மேலதான்."

பெரியத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு மூடாதுன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லய்யா. உங்க பஸ்ஸுல நானும் ஏறிக்கிறேன். நிக்காஹ் முடிஞ்சு நீங்க எறங்குற வரைக்கும் உங்ககூடவே இருக்கேன். ரோட்ட மூடுனா நானும் உங்களோட மாட்டிக்கிறேன்."

அதற்குள் பாய் தாம்பாளத்தோடு வந்துவிட்டார். பெரியத்தாவின் கையில் சந்தனம் பூசினார், பன்னீர் தெளித்தார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சாலையோரத்தில், டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில், மண்டப வாசலில் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மாலையைப் போட்டார். பெரியத்தாவின் முகம் மெல்ல இளகியது.

"எம்புட்டுத் தூரம் எறங்கி வந்து கூப்புடுறாரு மனுசன்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். பிறகு டிரைவரைப் பார்த்தார். "தொழுதுட்டு வந்துர்றோம். பஸ்ஸத் திருப்பி வையி." ஜெபசீலன் பக்கம் விரலை நீட்டினார். "இவரு எம்பக்கத்து சீட்டுல ஒக்காரட்டும்."

மூன்றாம் நாள் காட்சியில் ஒரு பணயக்கைதி வர வேண்டும் என்று நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். தகவல் அமைச்சரே போவார் என்று நினைக்கவில்லை.

பஸ் ஏறியது. நாங்கள் ஜீப்பில் பின்னால் போனோம். அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. இருட்டத் தொடங்கியதும் பஸ்ஸின் முகப்பில் கட்டியிருந்த சீரியல் பல்புகளைப் போட்டுவிட்டார்கள். உள்ளே பெண்கள் குலவையிடாத குறையாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். எதிரே கீழே இறங்கிக்கொண்டிருந்த கார்கள் ஒதுங்கி வழிவிட்டன. கண்ணாடிகளை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"மேல போறீகளா? ரோட்ட மூடப் போறாங்களாம்ல?"

"கல்யாணம்யா" என்று பஸ்ஸிலிருந்து யாரோ கத்தினார்கள். "மூடுறதா இருந்தா பெரியத்தா ஏறுவாரா?"

அந்தப் பெரியத்தா யாரென்று டாக்சிக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் யோசித்தார். பிள்ளைகுட்டியோடு ஒரு பஸ் மேலே போகிறது. பெருமாள்மலைக்கு வந்தபோது எங்களுக்குப் பின்னால் திரும்பிய கார்களின் விளக்கு வரிசை வளைவு வளைவாகத் தெரிந்தது. மூன்று அறிவிப்புகளால் முடியாததை ஒரு கல்யாண பஸ் செய்துவிட்டது.

மறுநாள் நிக்காஹ் நன்றாக நடந்தது. மந்திரிசபை மொத்தமும் பந்தியில் பரிமாறியது. உள்துறை அமைச்சர் தால்ச்சா வாளியோடு ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். ஜெபசீலனைப் பெரியத்தா தன் பக்கத்தைவிட்டு நகரவிடவில்லை. மணப்பெண் ஷமீமாவைப் பார்த்து, "இவருதான் ஒன் கல்யாணத்த நிறுத்தப் பாத்தவரு" என்று அறிமுகப்படுத்தினார். அவள் தலையை நிமிர்த்தாமலே, "ஒங்க எழுத்து நல்லாருந்துச்சு அண்ணே" என்றாள். அந்தச் சுங்க அதிகாரி முகம் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஜெபசீலனின் துறைக்குப் பேப்பர் போகத்தான் செய்தது. போனது யாரோ எழுதியதல்ல, ஜெபசீலனே நடந்ததை எழுதித் தன் பெயரில் அனுப்பினார். நானும் சாட்சி சொன்னேன். கண்டித்துவிட்டு விட்டார்கள். மதிப்பெண் போடும் நாளில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. நம் படிவத்தில் தகவல் திரட்டல், ஒருங்கிணைப்பு, விரைவு என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒரு மனிதர் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னதற்கு எந்தக் கட்டமும் இல்லை. துறைத் தலைவரிடம் கேட்டேன். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். "நீங்களே ஒரு கட்டம் போட்டுக்குங்க" என்றார். போட்டேன். அது இன்னும் படிவத்தில் இருக்கிறது. பெயர் வைக்கப்படாத அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு என்று நீங்கள் கேட்டதாகச் சொன்னார்கள். இதற்குத்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களைப் பாய் கடைக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் மலையில் விடாமல் மழை. ஒரு வளைவுக்கு மேலே மண் நெகிழ்ந்து பாறைகள் தொங்குகின்றன, கீழே போகும் சாலை மூடப்படுகிறது என்று உண்மையான அறிவிப்பு வந்தது. உண்மையான முத்திரை. பஜாரில் ஒருவரும் நம்பவில்லை. "படிப்புக்காரங்க மறுபடி வந்துட்டாங்க" என்று டிரைவர்கள் சிரித்தார்களாம். பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்ப நின்றன. இதைப் பின்னொரு நாள் பாய்தான் எனக்குச் சொன்னார். அந்தச் சிரிப்பை ஊருக்குக் கொடுத்தது நம் படிப்புதானே.

பாய் கடையைவிட்டு வெளியே வந்து, மழையில் நின்றபடியே, டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, தூத்துக்குடிக்குப் போன் அடித்திருக்கிறார்.

"தம்பி, ரோட்ட மூடுறதா இங்க ஒரு காயிதம் வந்திருக்கு. நீங்க எழுதுனதா?"

"இல்ல பாய்" என்றாராம் ஜெபசீலன். "நான் எழுதல."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்ற வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"அவரு எழுதலையாம்ப்பா" என்றாராம். "அப்ப நெசந்தான்."